பெறாமல் பெற்ற பிள்ளைகள்

இஸ்ரேல் நாட்டில் யூதர்களின் பஞ்சாங்கப்படி ஷெவாத் மாதம் 30-ம் நாள் குடும்ப தினமாகக் கொண்டாடப்படுகிறது. முன்பு அதற்கு அன்னையர் தினம் என்று பெயர். 1951-ம் ஆண்டில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி சிறுவர் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றி அவர்களுக்கெல்லாம் தாயாக இருந்தவர் ஓர் அம்மையார். அவர் மறைந்த தினத்தையே அன்னையர் தினமாகக் கொண்டாடினால் என்ன என்று அந்தக் கடிதத்தில் கேட்டிருந்தாள். பத்திரிகை அதை ஏற்றது. பிறகு நாடும் ஏற்றது.

அந்த அம்மையாரின் பெயர் ஹென்ரியட்டா ஸோல்டு. அன்னையர் தினத்துக்குக் காரணமான அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் வயிற்றில் ஒரு குழந்தையும் பிறக்கவில்லை. அமெரிக்காவில் பிறந்து, ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கி, 73-வது வயதில் ஊர் பேர் தெரியாத குழந்தைகளுக்குத் தாயானவர் அவர்.

மகன் இல்லாத வீடு

அமெரிக்காவில் மேரிலாண்டு மாகாணத்தில் பால்டிமோர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. ஹங்கேரியைச் சேர்ந்த பெஞ்சமின் ஸோல்டு என்பவர் 1859-ல் அங்கே ரபியாக, அதாவது யூதர்களின் மதகுருவாக வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு, 1860 டிசம்பர் 21-ந் தேதி, அவருக்கும் மனைவி ஸோபிக்கும் மூத்த பெண்ணாகப் பிறந்தவர் ஹென்ரியட்டா. அவருக்குப் பிறகும் அந்த வீட்டில் பெண்களே பிறந்தனர். மொத்தம் எட்டுப் பெண்கள். ஆண் பிள்ளை இல்லை.

நம் நாட்டில் கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்று சொல்வதுபோல, யூதர்களிடமும் ஒரு வழக்கம் உண்டு. தாய் தந்தையர் இறந்தால் மகன் 11 மாத காலம் தினந்தோறும் கோயிலில் ஒரு பிரார்த்தனை சொல்லவேண்டும். அதற்குக் காடிஷ் என்று பெயர். மகன் இல்லாத வீட்டில் இது ஒரு மனக்குறையாக இருப்பது இயல்பு. ஆனால் பெஞ்சமின் ஸோல்டு அதைக் குறையாக நினைக்கவில்லை. மகனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதை எல்லாம் மூத்த மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். எபிரேய மொழி, ஜெர்மன் மொழி, வேத நூல்கள் ஆகியவற்றைச் சிறு வயதிலேயே அவர் தந்தையிடம் பயின்றார். தந்தை எழுதும்போது பக்கத்தில் இருந்து உதவுவதும் மகள்தான்.

1877-ல் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவியாகத் தேறினார் ஹென்ரியட்டா. அதற்குமேல் கல்லூரிக்குப் போக வழி இல்லை. ஒரு தனியார் பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனார். பிரெஞ்சு, ஜெர்மன், கணிதம், தாவரவியல் என்று எதைக் கொடுத்தாலும் கற்பித்தார். சுமார் 15 ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தார். பகலில் பள்ளி, மற்ற நேரத்தில் தந்தைக்கு உதவி, இடையிடையே பத்திரிகைகளுக்குக் கட்டுரை. அமைதியான வாழ்க்கைதான். அந்த அமைதியைக் குலைத்தது கப்பலில் வந்த கூட்டம்.

இரவுப் பள்ளி

1881-ல் ரஷ்யாவின் ஜார் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்ஸாந்தர் வெடிகுண்டுக்கு இரையானார். பழி யூதர்கள் மீது விழுந்தது. ஊர் ஊராகக் கலகம் மூண்டது, வீடுகள் சூறையாடப்பட்டன. உயிர் பிழைத்தால் போதும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் பலர் பால்டிமோர் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

முன்பே வந்து வசதியாக வாழ்ந்துகொண்டிருந்த ஜெர்மன் யூதர்களில் பலருக்கு இந்த ஏழைச் சொந்தக்காரர்களைக் கண்டு முகம் சுளிப்புத்தான் ஏற்பட்டது. ரபி ஸோல்டின் வீட்டுக் கதவு மட்டும் திறந்தே இருந்தது. வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்த ஹென்ரியட்டாவுக்கு வியப்பாக இருந்தது. கிழிந்த கோட்டு அணிந்து தையற்கூடத்தில் கூலி வேலை செய்பவன் எபிரேய இலக்கியத்தைக் கரைத்துக் குடித்தவனாக இருந்தான். ஆங்கிலம் தெரியாத ஒரே காரணத்தால் அவன் ஊமையாக நின்றான்.

ஹென்ரியட்டா பெரிய திட்டம் எதுவும் போடவில்லை. அவர்களே நடத்திய ஓர் இலக்கியச் சங்கத்துடன் சேர்ந்து, 1889 நவம்பரில் வாடகை இடத்தில் ஓர் இரவுப் பள்ளியைத் தொடங்கினார். முதல் நாள் சுமார் 30 பேர் வந்தார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டுக் கண்ணில் தூக்கத்தோடு வந்தவர்கள் அவர்கள். நரைத்த தலைகளும் இருந்தன. அரும்பு மீசைகளும் இருந்தன. நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. ஒரு வகுப்பு பல வகுப்புக்கள் ஆயிற்று.

பள்ளிக்கூடத்தில் குழந்தைக்குக் கற்பிப்பது வேறு. குடும்பஸ்தனுக்குக் கற்பிப்பது வேறு. அவனுக்கு நாளைக் காலையில் பயன்படும் பாடம் வேண்டும். எனவே ஆங்கிலத்தோடு கணக்கு எழுதுதல், தையல் போன்ற தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. குடிபுகுந்த நாட்டின் சரித்திரமும் ஒரு பாடம். யூதர் அல்லாதவர்களும் வந்து சேர்ந்தார்கள், எவரையும் தடுக்கவில்லை. ஹென்ரியட்டா பாடமும் நடத்தினார், ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தார், பணத்துக்கும் அலைந்தார், கணப்பு எரிகிறதா, அறை பெருக்கப்பட்டதா என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார்.

1898-ல் அந்தப் பள்ளியை நகர நிர்வாகமே ஏற்றுக்கொண்டது. அதற்குள் 5,000 பேருக்கு மேல் அங்கே படித்துவிட்டார்கள். புதிதாகக் குடியேறுவோருக்கு இரவுப் பள்ளி வைப்பது பொது நிர்வாகத்தின் கடமை என்ற எண்ணம் வேரூன்ற அது ஒரு முன்மாதிரி ஆயிற்று. ஒரு காரியத்தைச் சிறிதாகத் தொடங்குவது, நடத்திக் காட்டுவது, பிறகு பொதுமக்களின் கையிலேயே ஒப்படைத்துவிடுவது என்ற முறை அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. தம் பெயர் நிலைக்கவேண்டும் என்று எந்த ஸ்தாபனத்தையும் அவர் இறுகப் பற்றிக்கொண்டதில்லை.

புத்தகங்களின் நடுவே

1893-ல் பள்ளி வேலையை விட்டு, அமெரிக்க யூதப் பிரசுர சங்கத்தின் காரியதரிசியானார். காரியதரிசி என்பது பெயருக்குத்தான். மொழிபெயர்ப்பு, திருத்தம், அச்சுப்பிழை பார்த்தல், அகரவரிசை தயாரித்தல் எல்லாம் அவர் தலையில்தான். 23 ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வெளிவந்த சிறந்த யூத நூல்கள் பலவற்றின் பின்னே அவருடைய உழைப்பு மறைந்து கிடக்கிறது.

1902-ல் தந்தை காலமானார். அவருடைய எழுத்துக்களைப் பதிப்பிக்க வேண்டும் என்ற ஆசையோடு, அதற்கு வேண்டிய கல்வியைப் பெற, தாயை அழைத்துக்கொண்டு மறு ஆண்டே நியூயார்க் சென்றார். அங்கே யூத மத குருமார்களைப் பயிற்றும் கல்லூரியில் சேர விரும்பினார். பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை. குருப்பட்டம் கோரமாட்டேன் என்று அவர் உறுதி கொடுத்த பிறகே வகுப்பில் உட்கார அனுமதி கிடைத்தது. 40 வயதைத் தாண்டியவர், பாதி வயதுள்ள வாலிபர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டார்.

அந்தக் கல்லூரியில் லூயி கின்ஸ்பர்க் என்ற பேராசிரியர் இருந்தார். மகா மேதாவி. ஹென்ரியட்டாவைவிட 13 வயது இளையவர். யூதர்களின் புராணக் கதைகளைத் திரட்டி அவர் ஜெர்மன் மொழியில் எழுதிய பெரிய நூலை ஹென்ரியட்டா ஆங்கிலத்தில் பெயர்த்தார். வேலை நட்பாயிற்று. ஹென்ரியட்டாவின் உள்ளத்தில் அந்த நட்பு காதலாக வளர்ந்தது. பேராசிரியர் மனத்தில் அப்படி ஒன்றும் இல்லை. 1908-ல் ஐரோப்பா சென்று திரும்பிய அவர், அங்கே ஓர் இளம்பெண்ணுக்கும் தமக்கும் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்ற செய்தியோடு வந்தார்.

ஹென்ரியட்டா உடைந்து போனார். அப்போது அவருக்கு 47 வயது. கணவன், குழந்தை, குடும்பம் என்ற ஆசைகளுக்கெல்லாம் அன்றோடு முற்றுப்புள்ளி விழுந்தது என்று அவர் உணர்ந்தார். எழுதும் பேனா ஓடவில்லை; உடம்பும் கெட்டது. பிரசுர சங்கத்தார் விடுப்புக் கொடுத்து அனுப்பினார்கள். 1909-ல் வயது முதிர்ந்த தாயோடு ஐரோப்பாவுக்கும், அங்கிருந்து பாலஸ்தீனத்துக்கும் பிரயாணமானார். துக்கத்தை மறக்கப் போனவருக்கு அங்கே வாழ்க்கையின் வேலை காத்திருந்தது.

ஈ மொய்த்த கண்கள்

பாலஸ்தீனம் அப்போது துருக்கியர் ஆட்சியில் இருந்தது. தெருவில் விளையாடிய குழந்தைகளைத் தாயும் மகளும் பார்த்தார்கள். குழந்தைகளின் கண்களைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன. டிரக்கோமா என்னும் கண்நோய் அது. ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்குத் தொற்றும். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடும். அந்த நாட்டில் யூதக் குழந்தை, அரபுக் குழந்தை என்ற வேற்றுமை பாராமல் அது எல்லோரையும் பிடித்திருந்தது.

ஆனால் யாப்பா நகரில் ஒரு பெண்கள் பள்ளிக்குச் சென்றபோது அங்கே மட்டும் குழந்தைகளின் கண்கள் சுத்தமாக இருந்தன. காரணம் விசாரித்தார்கள். பள்ளிக்கு டாக்டரும் நர்ஸும் ஒழுங்காக வந்து மருந்து போடுகிறார்கள் என்று தெரிந்தது. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நாள் தவறாத கவனிப்பு, அவ்வளவுதான்.

நியூயார்க்கில் ஹென்ரியட்டா ஒரு பெண்கள் வாசிப்புக் குழுவில் இருந்தார். சரித்திரமும் இலக்கியமும் படித்து விவாதிக்கும் சிறு கூட்டம் அது. படித்துக்கொண்டே இருந்தால் போதாது, உங்கள் குழு செய்யவேண்டிய வேலை இதுதான் என்று தாயார் ஸோபி மகளிடம் சுட்டிக்காட்டினார்.

1912 பிப்ரவரி 24-ந் தேதி நியூயார்க்கில் அந்தப் பெண்கள் கூடி ஒரு சங்கம் கண்டார்கள். யூதர்கள் கொண்டாடும் பூரிம் பண்டிகைச் சமயம் அது. அந்தப் பண்டிகையின் நாயகியான எஸ்தர் ராணிக்கு ஹதாஸா என்றும் ஒரு பெயர் உண்டு. அதையே சங்கத்துக்கும் வைத்தார்கள். தலைவி ஹென்ரியட்டா. வயது 51.

மறு ஆண்டே ரோஸ் காப்லன், ரேச்சல் லாண்டி என்ற இரண்டு நர்ஸுகள் ஜெரூசலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் வீடு பிடித்து அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். பள்ளிக் குழந்தைகளின் கண்களுக்கு மருந்து. கர்ப்பிணிகளுக்குப் பிரசவ உதவி. இரவுப் பள்ளி 30 பேரோடு தொடங்கியது போல, இந்த மாபெரும் வைத்திய ஸ்தாபனம் இரண்டு நர்ஸுகளோடு தொடங்கியது.

தாயின் மறைவு

1916-ல் தாயார் ஸோபி காலமானார். மகன் இல்லாத வீடு. காடிஷ் சொல்வது யார்? குடும்ப நண்பரான ஹைம் பெரெட்ஸ் என்பவர் மகனுடைய ஸ்தானத்தில் தாம் சொல்வதாக முன்வந்தார். அன்போடு செய்த உதவி அது. ஹென்ரியட்டா நன்றியோடு மறுத்துவிட்டார்.

அவர் எழுதிய பதில் கடிதம் இன்று யூத சமூகத்தில் பிரசித்தமானது. பெற்றோரின் கடமையைத் தாமே ஏற்பது மகளுக்கும் உரியது என்றும், வீட்டு வேலைகளால் இயலாமற் போகலாம் என்பதற்காகப் பெண்களுக்கு விலக்குத்தான் அளித்தார்களே தவிர உரிமையைப் பறிக்கவில்லை என்றும் அவர் அதில் விளக்கினார். எட்டுப் பெண்களைப் பெற்ற தம் தாய், மகன் இல்லையே என்று ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. அப்படிப்பட்டவருக்கு வேறொருவர் மகனாக வரவேண்டியதில்லை என்பது அவருடைய கருத்து. சம்பிரதாயத்தை வெறுத்து அவர் அப்படிச் செய்யவில்லை. அதை மிகவும் மதித்ததால்தான் அந்தக் கடமையைத் தாமே செய்ய விரும்பினார்.

ஜெரூசலத்தில்

முதல் மகாயுத்தத்தின் முடிவில் பாலஸ்தீனம் பிரிட்டிஷார் வசம் வந்தது. நாடெங்கும் பசியும் நோயும். 1918-ல் ஹதாஸாவின் முயற்சியால் டாக்டர்கள், நர்ஸுகள், பல் வைத்தியர்கள், சுகாதார நிபுணர்கள் என்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சென்றார்கள். வைத்தியசாலைகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் ஜெரூசலத்தில் நர்ஸுப் பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது. எத்தனை காலம் வெளிநாட்டிலிருந்து நர்ஸுகளை அனுப்புவது? அந்த மண்ணின் பெண்களே அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் அல்லவா?

1920-ல் ஹென்ரியட்டா நேரில் வந்தார். வயது 59. இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு, பால்டிமோர் திரும்பிச் சகோதரிகளோடு ஓய்வாக இருக்கவேண்டும் என்பது எண்ணம். அவர் எண்ணியது நடக்கவில்லை. இடையிடையே அமெரிக்கா சென்று வந்தாலும் கடைசிவரை அவர் இருப்பிடம் ஜெரூசலமாகவே ஆயிற்று.

தாய்மார்களுக்கும் சிசுக்களுக்கும் நிலையங்கள் ஏற்பட்டன. குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, பாலை எப்படிக் காய்ச்சிக் கொடுப்பது என்று அங்கே நர்ஸுகள் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கரும்பலகை இல்லை, பரீட்சை இல்லை. ஆனால் அதுவும் ஒரு பள்ளிதான். பள்ளிக்கூடங்களில் மதிய உணவும் வழங்கப்பட்டது. மதிய உணவின் அருமை தமிழ்நாட்டாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வைத்தியசாலைகள் யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் எல்லோருக்கும் திறந்திருந்தன. டெல் அவீவ் நகரில் ஹதாஸா நடத்திய ஆஸ்பத்திரி 1931-ல் நகரசபையிடமே ஒப்படைக்கப்பட்டது. பால்டிமோர் இரவுப் பள்ளியில் கையாண்ட அதே முறை!

1927-ல் உலக ஸயோனிஸ்ட் ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் பெண் அவரே. கல்வியும் சுகாதாரமும் அவர் பொறுப்பு. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத காலம் அது. பிறகு சமூக நலத் துறை அவரிடம் வந்தது. தான தர்மம் என்ற பெயரில் தாறுமாறாக நடந்துவந்த உதவியை ஒழுங்குபடுத்தி, பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று நிலைமை அறிந்து உதவும் முறையை ஏற்படுத்தினார். 70 வயதைக் கடந்துவிட்டது. இனிமேலாவது ஊருக்குப் போகலாம் என்று நினைத்தார்.

ஹிட்லரின் நிழல்

பெர்லின் நகரில் ரேச்சா பிரையர் என்ற பெண்மணி இருந்தார். ஒரு ரபியின் மனைவி. 1932-ல் சில யூத வாலிபர்கள் அவரிடம் வந்து, யூதர்கள் என்பதால் வேலை கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். இந்தப் பிள்ளைகளைப் பாலஸ்தீனத்துக்கு அனுப்பி, அங்கே கூட்டுறவுப் பண்ணைகளில் படிக்கவும் உழைக்கவும் ஏற்பாடு செய்தால் என்ன என்ற யோசனை அவருக்கு உதித்தது. ஜெரூசலத்துக்கு, ஹென்ரியட்டாவுக்கு எழுதினார்.

ஹென்ரியட்டா இணங்கவில்லை. உள்ளூர்க் குழந்தைகளுக்கே பள்ளி இல்லை, சோறு இல்லை. கடல் கடந்து வரும் குழந்தைகளை யார் பராமரிப்பது என்பது அவர் கவலை. பிரையர் அம்மையார் சோர்ந்துவிடாமல் தாமே ஒரு சிறு குழுவை அனுப்பி வைத்தார். 1933 ஜனவரி 30-ந் தேதி பெர்லினில் அந்த வேலைக்கென்று ஒரு சங்கமும் பதிவாயிற்று. அதே தினத்தில்தான் ஹிட்லர் ஜெர்மனியின் பிரதம மந்திரியானான்.

காலம் மாறிவிட்டதை ஹென்ரியட்டா கண்டுகொண்டார். முன்பு மறுத்தவரே இப்போது முழுப் பொறுப்பையும் ஏற்றார். இளைஞர் குடியேற்றம் என்று பொருள்படும் யூத் அலியா என்ற அந்த இயக்கத்துக்கு 1933 இறுதியில் ஜெரூசலத்தில் அவர் தலைவியானார். ஊருக்குப் போகும் எண்ணத்தை மூட்டை கட்டி வைத்தார்.

அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் பிரிட்டிஷ் சர்க்காரிடம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு ஆண்டு உணவுக்கும் கல்விக்கும் உத்தரவாதம் இருந்தால்தான் சீட்டு. அந்தப் பணத்தை அமெரிக்காவில் ஹதாஸாப் பெண்கள் திரட்டினார்கள். கண்நோய்க்காகக் கூடிய வாசிப்புக் குழு, இப்போது உயிர் காக்கும் படையாக நின்றது.

1934 பிப்ரவரியில் முதல் பெரிய குழு ஹைபா துறைமுகத்தில் இறங்கியது. நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியர். 73 வயதான ஹென்ரியட்டா துறைமுகத்தில் நின்று அவர்களை வரவேற்றார். அதன் பிறகும் கப்பல்கள் வந்தன. முடிந்தபோதெல்லாம் அவரும் சென்றார். தாயை விட்டுப் பிரிந்து வந்த பிள்ளை முதலில் பார்க்கும் முகம் அதிகாரியின் முகமாக இருக்கக்கூடாது என்பதில் அவருக்கு அக்கறை.

பாதி நாள் படிப்பு, பாதி நாள் வேலை

இந்தப் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது? அநாதை விடுதியில் அடைத்து வைப்பதா? ஹென்ரியட்டா அந்த வழிக்குப் போகவில்லை. பிள்ளைகள் குழுக் குழுவாகக் கூட்டுறவுப் பண்ணைகளிலும் இளைஞர் கிராமங்களிலும் குடியமர்த்தப்பட்டார்கள். பாதி நாள் படிப்பு. பாதி நாள் வேலை. வயல், மாட்டுத் தொழுவம், தச்சுப் பட்டறை, சமையற்கூடம் எல்லாமே பாடசாலைதான். எபிரேய மொழியைப் புத்தகத்தில் பாதி, வயலில் பாதியாகக் கற்றார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வழிகாட்டி உண்டு. அவர் ஆசிரியர் மாத்திரம் அல்ல. அண்ணனாகவும் தோழனாகவும் இருக்கவேண்டும். குழுவின் காரியங்களைப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

வீட்டை இழந்த பிள்ளைக்கு முதல் தேவை பாடம் அல்ல; தான் யாருக்காவது வேண்டியவன் என்ற உணர்வு. கையால் ஒரு மரம் நட்டவனுக்கு அந்த மண் அந்நியமாகத் தோன்றாது. இதுதான் அந்தக் கல்வி முறையின் உட்கருத்து.

ஹென்ரியட்டா விடியுமுன் எழுவார். பண்ணை பண்ணையாகப் போவார். பிள்ளைகளின் குறைகளைக் கேட்பார். ஐரோப்பாவில் தவிக்கும் பெற்றோருக்கு அவர்களைப் பற்றிக் கடிதங்கள் போகும். 1935-ல் பெர்லினுக்கே சென்று, பிள்ளைகளை அனுப்பப் போகும் பெற்றோரைச் சந்தித்தார். யுத்தத்துக்கு முன்பே சுமார் 5,000 பேர் இவ்வாறு காப்பாற்றப்பட்டார்கள். அவர்களை வழியனுப்பிய தாய் தந்தையரில் பெரும்பாலோர் பிறகு உயிரோடு இல்லை.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. இயக்கத்தை முதலில் கண்ட ரேச்சா பிரையர் 1941-ல் தப்பி ஜெரூசலம் வந்து சேர்ந்தபோது, அவருக்கு அதில் இடம் கொடுக்க ஹென்ரியட்டா மறுத்துவிட்டார். சட்டமும் ஒழுங்கும் தவறாத ஒருவருக்கும், துணிந்து குறுக்கு வழியில் உயிர் காத்த ஒருவருக்கும் ஒத்துப் போகவில்லை. விதை போட்டவருக்கு மரத்தடியில் நிழல் கிடைக்காமல் போனது வருந்தத் தக்கதே.

கராச்சி வழியே வந்த குழந்தைகள்

இரண்டாம் மகாயுத்தத்தின்போது போலந்து நாட்டு யூதக் குழந்தைகள் பலர் பெற்றோருடன் ரஷ்யாவுக்குள் ஓடினார்கள். பசியும் ஜுரமும் பெற்றோரில் பலரைக் கொண்டுபோயின. மிஞ்சிய குழந்தைகள் 1942-ல் பாரசீகத் தலைநகரான டெஹ்ரானை அடைந்து கூடாரங்களில் கிடந்தார்கள். அங்கிருந்து பாலஸ்தீனத்துக்குத் தரை வழி ஈராக் வழியாகத்தான். ஈராக் அனுமதி தரவில்லை. ஆகவே 1943 ஜனவரியில் அவர்களைக் கப்பலேற்றி, அப்போது நம் நாட்டின் பகுதியாக இருந்த கராச்சித் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேறு கப்பலில் சூயஸுக்கு அனுப்பினார்கள். பிறகு ரயில். பிப்ரவரி 18-ந் தேதி 700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாலஸ்தீனத்தை அடைந்தார்கள்.

ரயிலடியில் 82 வயதான ஹென்ரியட்டா காத்திருந்தார். இனிமேல்தான் பெரிய சோதனை. இந்தக் குழந்தைகளை ஆசாரமான குடும்பங்களுக்கு அனுப்புவதா, ஆசாரம் பாராத பண்ணைகளுக்கு அனுப்புவதா என்று நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டது. ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே விசாரித்து, அதனுடைய வீட்டில் இருந்த பழக்கம் எதுவோ அதன்படி அனுப்பவேண்டும் என்றார் ஹென்ரியட்டா. இரண்டு கட்சிக்காரர்களும் அவரை ஏசினார்கள். குழந்தைகள் கட்சிக்குச் சேர்க்கும் ஆட்கள் அல்ல என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

கைகூடாத கனவு

பாலஸ்தீனம் யூதர்களுக்கு மாத்திரம் உரிய பூமி அல்ல. அங்கே அரபு மக்களும் வாழ்கிறார்கள் என்பதை அவர் ஒருபோதும் மறந்ததில்லை. 1942-ல் யூதா மாக்னஸ், தத்துவஞானி மார்ட்டின் பூபர் ஆகியோருடன் சேர்ந்து, இரண்டு இனங்களும் சம உரிமையோடு ஒரே நாட்டில் வாழவேண்டும் என்று கூறிய இஹுத் என்ற சங்கத்தில் அங்கம் வகித்தார். சொந்த மக்களிடையே அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்த கொள்கை அது. ஆயினும் விடவில்லை. அந்தக் கனவு பலிக்கவில்லை என்பதைப் பின்னால் வந்த யுத்தங்கள் காட்டிவிட்டன. இரண்டு பக்கத்துக் குழந்தைகளும் அதற்கு விலை கொடுத்து வருகிறார்கள்.

யார் பிரார்த்தனை செய்வது?

1944-ல் நிமோனியா ஜுரம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1945 பிப்ரவரி 13-ந் தேதி, ஜெரூசலத்தில் ஸ்கோபஸ் குன்றின்மேல் இருந்த ஹதாஸா ஆஸ்பத்திரியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 84. இரண்டு நர்ஸுகளோடு தொடங்கியதன் விளைவாக எழுந்த ஆஸ்பத்திரி அது. அங்கே பயிற்சி பெற்ற கைகளே கடைசி நாட்களில் அவரைக் கவனித்துக்கொண்டன.

மறுநாள் ஒலிவ மலையில் அடக்கம் நடந்தது. கணவன் இல்லை, மகன் இல்லை. காடிஷ் சொல்வது யார்? கூட்டத்திலிருந்து 15 வயதுச் சிறுவன் ஒருவன் முன்னே வந்தான். யூத் அலியாவால் காப்பாற்றப்பட்டு அந்த நாட்டுக்கு வந்த பிள்ளை அவன். பெற்ற தாய்க்குச் சொல்வதுபோல அவன் அந்தப் பிரார்த்தனையைச் சொன்னான்.

1970-களில் இஸ்ரேல் அரசு வெளியிட்ட ஐந்து பவுன் நோட்டில் அம்மையாரின் படம் இடம் பெற்றது. ஹதாஸா ஆஸ்பத்திரிகளும் பெண்கள் சங்கமும் இன்றும் பெரிய அளவில் நடந்து வருகின்றன. ஆனால் அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடத்துக்கு நோட்டும் வேண்டாம், கட்டிடமும் வேண்டாம். கண்முன் தெரியும் ஒரு சிறு குறையை எடுத்துக்கொள்; அதைத் தீர்க்க நாலு பேரைச் சேர்; நாள் தவறாமல் செய்; நிலைத்த பிறகு ஊராரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த குறையைத் தேடிப் போ. அவர் செய்தது இவ்வளவுதான். இதைச் செய்யச் செல்வம் வேண்டியதில்லை. வயதும் தடை இல்லை. 73-வது வயதில் ஒரு பெண்மணி துறைமுகத்துக்குப் போய், தமக்குப் பிறக்காத பிள்ளைகளை வாருங்கள் என்று அழைத்து வந்தாரே, அதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்?